இருட்டில் வெட்டின கண்

அன்பு மகள் போரிக்கு,

இங்கே செகெதில் நானும் அம்மாவும் நல்லாயிருக்கோம், என் முழங்கால் மட்டும் நல்லாயில்லை, நீ அந்தக் கனடாப் பனியில் நல்லாயிருக்கணும், கழுத்தை மூடிக்கோ. விஷயத்துக்கு வர்றேன், படிச்சிட்டு என்னைத் திட்டாதே. உன் ஆராய்ச்சியைத் தன் பேரில் போட்டுக்கிட்டானே உன் பழைய மேலதிகாரி விதோர், அவன் பேராசிரியர் பதவிக்காகப் போன செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்தில் பேசினான். நானும் கோட்டு மாட்டிக்கிட்டுப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். விழித்திரையில் வெளிச்சம் பட்டதும் ஒரு புரதம் சேதி அனுப்புதாம், அதோட வாலில் பாஸ்பேட் ஒட்டினால்தான் அது வாயை மூடுமாம், எந்த இடத்தில் ஒட்டணும்னு இவன்தான் கண்டுபிடிச்சானாம்.

மூணு வருஷம் மாடு வெட்டுற இடத்திலிருந்து கண்ணைச் சூடு ஆறுமுன்னே கறுப்பு டப்பாவில் போட்டு உனக்குக் கொண்டுவந்தவன் நான். ஒரு தடவை தெரியாத்தனமா மூடியைத் திறந்ததுக்கு என்ன பேச்சுப் பேசினே! வெளிச்சம் பட்டால் பாஸ்பேட் ஒட்டிடும், இருட்டில் வச்ச குழாயும் வெளிச்சம் காட்டின குழாயும் ஒண்ணாயிடும், எல்லாம் குப்பைன்னு. மங்கலான சிவப்பு விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கிட்டு நீ வெட்டினே, இவன் ஒருநாளாவது அந்த அறைக்குள்ளே வந்திருப்பானா? அதனால எழுந்து, ஐயா, கண்ணை எந்த வெளிச்சத்தில் வெட்டினீங்கன்னு பவ்யமாக் கேட்டேன். நல்லாப் பளிச்சுனு இருக்கிற மேசை விளக்கிலதான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான், சிறுநீரகத்தை வெளிச்சத்தில் அறுத்தே பழகின மடையன். உடனே கூட்டத்துக்குத் தலைமை தாங்கின பேராசிரியை, அப்படின்னா உங்க ஆய்வுப் படத்தில் இருட்டுக் குழாயில் மட்டும் பாஸ்பேட் எப்படி ஒட்டாம இருக்குன்னு கேட்டாங்க. ஆஹா போரி, அந்த மூஞ்சியைப் பார்க்க நீ இல்லையே!

நேத்து வீட்டுக்கே வந்துட்டான். அம்மா மனசு இளகிப் பொகாச்சா ரொட்டி எடுத்து வச்சாள், நான் தட்டோட உள்ளே கொண்டுபோயிட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சோம்னு போரியை ஒரு வரி எழுதச் சொல்லுங்க, எனக்குப் பிள்ளைகள் இருக்குன்னு அழுதான். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு, உன்னாலதான் கடல் தாண்டிக் கிடக்குதுன்னேன். பல்கலைக்கழகம் இப்போ போட்டிருக்கிற விசாரணைக் குழு, உன்கிட்ட இருக்கிற ஆய்வு நோட்டைக் கேட்டிருக்கு. அது வந்தால் அவன் கதை முடிஞ்சுது, வராட்டித் தப்பிச்சிடுவான். விட்டுடுங்கப்பான்னு போன மாசம் நீ எழுதினதை அம்மா ரெண்டு தடவை படிச்சுக் காட்டினாள். நான் விடமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும். நோட்டை நீ ஏற்கெனவே அனுப்பியாச்சுன்னு சொல்லித்தான் அவன் முகத்தில் கதவைச் சாத்தினேன். அப்பாவைப் பொய்யனாக்கிடாதே.

உன் அப்பா,
ஆர்பாத்