மீதி மூன்று வரிசை

அன்பு மகள் ரூபாவுக்கு நைனா எழுதுவது. காளஹஸ்தி ஈஸ்வரன் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் இரண்டு மாடும் நலம், நீ அந்த மலேசியக் காட்டில் அட்டைக்கடி இல்லாமல் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் எனக்குப் பாதி மறந்துபோகிறது, மீதியை அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உன் தம்பி திலீப் சனிக்கிழமை திருப்பதியிலிருந்து வருவான், இதைப் படம் எடுத்து அனுப்புவான், ஞாயிறு நீ சிக்னல் உள்ள ஊருக்கு வரும்போது பார்.

விஷயம் நம் மாந்தோப்பு. நீ ஏதோ கூட்டத்தில் இங்கிலீஷில் பேசிய வீடியோவைத் திலீப் போன மாதம் எனக்கு விளக்கினான். மரம் வெட்டிய காட்டில்கூட வண்டு, எறும்பு எல்லாம் நிறைய மிச்சம் இருக்கிறது என்றாயாம். எனக்கு அதுவே போதும் என்று எழுந்துவிட்டேன். இந்த வருஷம் பெங்களூரா மாங்காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய், வாங்க ஆளில்லாமல் ஜூஸ் ஃபாக்டரி வாசலில் மூன்று நாள் கிடந்து, அழுகவிட்டுத் திரும்பியவன் நான். வெட்டினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, படித்த பெண்ணே சொல்கிறாள் என்று அம்மாவின் வாயை அடைத்துவிட்டுப் புத்தூர் மர வியாபாரி சின்னப்பனை வரச் சொன்னேன். இரண்டு வரிசை மரம் விழுந்தது. மறுநாள் காலையில் பார்த்தால், மா இலையைச் சுருட்டிக் கூடு கட்டுமே அந்தச் செவ்வெறும்பு, துணிக்கொடி வழியாக நம் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது, வாயில் வெள்ளை வெள்ளையாக முட்டை. நாற்பது வருஷமாக அதற்கு மருந்து அடித்தவன், அன்றைக்கு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்னும் புரியவில்லை. அதற்குள் அம்மா போனில் திலீப்பிடம் வீடியோவை முழுசாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டாள். "உம் பொண்ணு கடைசில இன்னா சொல்லிச்சின்னு கேட்டியா? மிச்சம் கீற காட்டயாவது உட்டுடுங்கன்னு கெஞ்சிக்கினு கீது, நீ பாதியக் கேட்டுக்கினு ரம்பத்த எடுத்துட்ட" என்று திட்டித் தீர்த்தாள். சின்னப்பனை நிறுத்தச் சொன்னேன். மீதி மூன்று வரிசைக்குப் புதன்கிழமை வருகிறேன் என்கிறான்.

எனக்கு ஒரே குழப்பம் கண்ணு. வெட்டியது தப்பு என்றால் மிச்சம் இருக்கிறது என்று ஏன் சொன்னாய்? எதுவரை வெட்டினால் அந்த எறும்பு திரும்பி வரும், எதற்கு மேல் வராது? அதைப் பார்க்கத்தானே ஐந்து வருஷமாக அங்கே மண்ணில் உட்கார்ந்திருக்கிறாய்? அதைவிடப் பெரிய குழப்பம், தோப்பை யாருக்காக வைப்பது என்பது. திலீப் விவசாயத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நீ மட்டும் வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வருவாய் என்றால் காய் அழுகினாலும் மரம் நிற்கட்டும். வரமாட்டாய் என்றாலும் சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், வருத்தப்படுவேன், அது வேறு.

பூட்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டுக் காலை விடு. துன்னாமல் காட்டுக்குள் போகாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். எந்தக் காட்டில் இருந்தாலும் ஈஸ்வரன் உன்னைக் காப்பான். எறும்பு சமையலறை மூலையில்தான் இருக்கிறது, மருந்து அடிக்கவில்லை. புதன்கிழமைக்குள் பதில் போடு. பதில் வராவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீயே எழுதிவிடு.

உன் நைனா,
முனிரத்தினம்
கார்வேட்டிநகரம்