மதகும் ஓடமும் இணைந்த செய்தி துறைக்கு எட்டாதது பற்றி

திரு வளர்க; நீர் அளவாய் வளர்க. உலகம் தோன்றிய நாள்முதல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை அனைத்தினும், வானையும் கடலையும் இணைக்கும் மழையினும், தலைசிறந்த இணைப்பை ஆக்கியவரும், நெடுங்கழி நாட்டு மாமன்னரின் செயலிப் பேரமைச்சரும், பொத்தான்களின் காவலருமாகிய கீரங்கொற்றனார் சொல்ல, ஓலைநாயகம் எழுதி விடுப்பது. ஆழந்துறை ஓடக்காரர்க்கெல்லாம் தலைவியாகிய காரிநங்கையார் நீடு வாழ்க. அவர் துடுப்பு முறியாதிருக்க. அவர் கைப்பலகையில் சார்ஜ் குறையாது நிற்க.

அமைச்சர் நலமாக இல்லை.

மேலைப் பேரேரியின் மதகுக் காவலர் கையாளும் செயலியையும், தங்கள் ஓடக்காரர் கையாளும் ஓடத்துணைச் செயலியையும் சென்ற திங்கள் அவர் இணைத்து வெளியிட்டார். மதகு திறந்த கணமே ஓடந்தோறும் கைப்பலகை மணியாய் ஒலிக்கும். வெள்ளம் வந்து சேருமுன் கரையேறிவிடலாம். இப்படியொன்று இருக்கையில் ஏரிக்கரையில் முரசு எதற்கென்று, முரசறைவோரை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்.

இணைப்பு வந்திருப்பதை மக்களுக்கு எப்படித் தெரிவிப்பது என அவையோர் வினவியபோது, அமைச்சர் அண்டையிலுள்ள கொடுங்கரை நாட்டைச் சுட்டி வயிறு குலுங்க நகைத்தார். அந்நாட்டுச் செயலிகளில் புதிதாக எது வந்தாலும் சிவப்புப் புள்ளியொன்று தோன்றிக் கண்ணை உறுத்தும். அறிவிப்பு ஒன்று திரையை மறித்துக்கொண்டு நிற்கும். ‘பிறகு’ என்று தள்ளினால் போவதுபோல் போய்த் திரும்பவும் வரும். பெண் கேட்டு வருகிறவர்கூட இத்தனை முறை வாசலில் வந்து நிற்பதில்லை என்றும், நெடுங்கழி மக்கள் தாமே தேடிக் கண்டடையும் நுண்ணறிவினர் என்றும் மொழிந்தார். ஆகவே இணைப்பை ‘அமைப்புகள்’ என்பதனுள், ‘மேலும்’ என்பதனுள், ‘பிற’ என்பதனுள் வைத்தார். வெளியீட்டுக் குறிப்பை வெண்பாவாக யாத்து, அந்தப்புரக் குளத்தைப் பார்த்த சுவரில் கல்லில் வெட்டுவித்தார்.

துறையில் அதைத் தேடிக் கண்டடைந்தவர் இதுவரை ஒருவர். அவரும் கைதவறி அழுத்தி, பதறி அணைத்துவிட்டார்.

இன்று காலை தங்கள் ஓடத்தில் உப்பு மூட்டையோடு ஏறி, செயலியில் புதியது ஏதும் உண்டோ என்று வினவிய வணிகரைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவர் அமைச்சரே. தாங்கள் அளித்த மறுமொழியை ஓர் எழுத்தும் திருத்தாமல் பொறிக்கப் பணித்துள்ளார்: “புதுசா ஒண்ணும் வரலையே செட்டியாரே. வந்திருந்தா ஒரு குரல் குடுக்க மாட்டாங்களா? நாங்க துடுப்பு போடுறதா, இதுக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு தேடுறதா? கமுக்கமா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க, அமைச்சர் என்ன அடையா காக்கிறாரு?” அமைச்சர் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் தம் கொள்கை என்னாவது என்றெண்ணி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பிற்பகலில் மதகுக் காவலர் செய்தி வந்தது. ஏரி நிரம்பித் ததும்புகிறது. மதகைத் திறக்காவிடில் கரை உடையும். திறக்கும் நாழிகை இன்றிரவோ நாளை நண்பகலோ, அவரே அறியார். நாளை சந்தை. ஆடும் குழந்தைகளுமாக ஓடங்கள் நிறைந்து செல்லும் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முரசறைவோரை அழைக்க விரைந்த குதிரை தனியே திரும்பியது. அவர்கள் கொடுங்கரை நாட்டில் புதிய இணைப்புகளைத் தெருத்தெருவாய் அறிவிக்கும் வேலையில் இருக்கிறார்களாம், தலை சொறிய நேரமில்லையாம். இணைப்பை அமைச்சரே போட்டுவிடவும் வழியில்லை. ஒருவர் கைப்பலகையில் பிறர் விரல் படலாகாதென்பது மன்னர் சட்டம்.

ஆதலால் அமைச்சர் தங்கள் காலில் விழுந்து வேண்டுவது: ‘அமைப்புகள்’ திறக்க. ‘மேலும்’ தொடுக. ‘பிற’ தொடுக. அங்கே ‘மதகு’ என்றிருக்கும். எதிரேயுள்ள பொத்தானை வலப்பக்கம் தள்ளுக. அம்மா, தள்ளுக.

இனி ஆணை. ஓடத்துக்கு ஒரு தூதர் வருவார். வந்தவர் ஓடக்காரர் கண்ணெதிரே மறித்து நிற்பார். இவர் இடப்பக்கம் நகர்ந்தால் அவரும் நகர்வார். ‘பிறகு’ என்றால் வணங்கிச் சென்று, படித்துறை தாண்டுமுன் திரும்பி வருவார். சமையற்காரர், தோட்டக்காரர் அனைவரும் தூதராய்ப் புறப்பட்டுவிட்டமையால், தங்கள் ஓடத்துக்கு உப்பு வணிகரே மறுபடியும் வருகிறார். இவ்வோலையைத் தங்கள் முகத்தருகே பிடித்துக்கொண்டிருப்பவர் அவர்தாம்.

அரச இலச்சினை எடுக்க நேரமில்லை. அவர் நெற்றியில் குங்குமத்தைக் குழைத்து இட்டிருக்கும் பெரிய சிவப்புப் புள்ளியே இவ்வோலைக்கு முத்திரை. தாங்கள் பொத்தானைத் தள்ளிய பின்னரே அதைத் துடைப்பார்.