வீட்டுக்குப் போகும் வழி

மாமல்லபுரம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஷபானா,

சொந்த ஸ்டேஷன்காரனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன பிறகு, அதே ஸ்டேஷனில் ஒருத்தி எப்படி வேலை பார்ப்பாள்? என் நாத்தனார் சியாமளா போனில் கேட்டாள்.

அவள் அங்கே இங்கிலாந்தில் போலீஸில் இருப்பது உனக்குத் தெரியும். கைவிலங்கு போட்ட ஒருவரை அவளுடைய சார்ஜென்ட் முகத்தில் அடித்ததைப் பார்த்திருக்கிறாள். உடனிருந்த மற்றவர்கள், அந்த ஆள் தானாக விழுந்தான் என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். இவள் இன்னும் வாய் திறக்கவில்லை. நாளை இவளுடைய முறை.

போன வருடம் லீவில் வந்தபோது, கடற்கரை ஓட்டலில் மீன் வறுவல் வருவதற்குள் தன் போலீஸ் படையின் வரலாற்றையே சொல்லி முடித்தாள். நகரத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று இருந்த சிறிய படைகளை ஐம்பது வருடங்களுக்கு முன் ஒன்றாக இணைத்தார்களாம். தலைமைக் கான்ஸ்டபிள் என்றால் அங்கே எல்லோருக்கும் மேலே இருப்பவராம். போலீஸ்காரர்களையே விசாரிக்க ஒரு தனிப் பிரிவாம்.

"நம்மூர்லயும் கீது. அதுக்குப் பேரு ட்ரான்ஸ்பரு" என்றார் என் வீட்டுக்காரர் தர்மராஜ். சப்-இன்ஸ்பெக்டர் அண்ணனின் கிண்டலுக்கு அவளும் சிரித்தாள். நான் கல்லூரியில் பொது நிர்வாகப் பாடம் நடத்துகிறவள். நிர்வாக அமைப்பு வரைபடத்தில் எல்லாப் பெட்டியும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

இப்போது அவர் சிரிப்பதில்லை. "வாய மூடிக்கினு இருக்கச் சொல்லு. அங்க இவளுக்கு யாரு கீறாங்க?" என்று என்னிடம் கத்துகிறார். அவளிடம் பேச மாட்டேன் என்கிறார். நானோ அவளிடம் சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

விவாகரத்துக்குப் பிறகு தனியாக இருக்கிறாள். உன் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தானே? நாளை எப்படி முடிந்தாலும் இந்த வாரம் ஒருமுறை போய் வா. பிரியாணி செய்தேன் என்று ஏதாவது சாக்குச் சொல். முடிந்தால் ஒரு ராத்திரி தங்கு. நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
விஜயகுமாரி

புதன்: மின்னஞ்சலை அனுப்பாமல் வைத்திருந்தேன். சியாமளா பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். பிறகு அவள் கேண்டீனில் போய் உட்கார்ந்ததும், அந்த மேசையில் இருந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்களாம். அவள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஸ்பீக்கரில் இருந்த போனை தர்மராஜ் என் கையிலிருந்து பிடுங்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தெனம் ஒரே வழியா வூட்டுக்குப் போவாத. வண்டிய வெளிச்சத்துல நிறுத்து" என்றார்.

இங்கே அப்படியெல்லாம் இல்லை என்றாள் அவள். அவர் அதையே மறுபடியும் சொன்னார்.

பிறகு, "ஸ்கூலச் சுத்திக்கினு இன்னொரு ரோடு கீதுண்ணா. இன்னிக்கி அதுல போறேன்" என்றாள்.