தம்பியின் மாத்திரை

நீதுவின் அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

குளத்தூரிலிருந்து இன்று உங்கள் தம்பி மனைவி லிஜா வந்தாள்; அவள் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கு எழுந்தபோது உங்களுக்குத் தலைசுற்றி விழப்போனதாம். நீது தன் இஷ்டப்படி கல்யாணத் தேதி குறித்த கோபத்தில் வீட்டைவிட்டு இறங்கிப் போனபோது பிரஷர் மாத்திரையை இங்கேயே விட்டுவிட்டீர்கள். அங்கே தம்பியின் மாத்திரையைத் தின்கிறீர்களாம். "ரெண்டும் பிரஷருக்குள்ளதுதானே" என்றீர்களாம்.

லிஜா கொண்டுவந்த தம்பியின் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு நம் டாக்டரம்மாவிடம் ஓடினேன். அதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "ஒருத்தருக்க மருந்தை இன்னொருத்தரு தின்னப்பிடாது சேச்சி. இது வேற மருந்தாக்கும், அளவும் கூடுதல்" என்றார். நாளைக் காலையே உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம். பிரஷர் அளந்த பிறகுதான் உங்கள் மருந்தை எப்படித் தொடங்குவது என்று சொல்வாராம். அதுவரை தம்பியின் மாத்திரையைத் தொடாதீர்கள். விட்டுப்போன நாட்களுக்கென்று இரண்டு மூன்றாகச் சேர்த்தும் விழுங்க வேண்டாம்.

உங்கள் மாத்திரையோடு நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். தனியாக பஸ் ஏறாதீர்கள், தம்பியைக் கூட்டி வாருங்கள். நீது விரும்புகிற பையனைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று. கல்யாணத் தேதியை அவளே தள்ளிவைத்துவிட்டாள்.

"அப்பாக்க பிரஷர் அடங்கட்டும் அம்மா. அப்பா கைபிடிச்சுக் கொண்டுபோவாம நான் சர்ச்சுக்குள்ள கேறமாட்டேன். இதை அவருக்கிட்ட சொல்லண்டாம்" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி