உன் அம்மாவின் இடுப்புக்கு ஒத்திகை

என் அன்பு வாலு,

இங்கே நான் சுகம். உன் அம்மா இடது இடுப்பைத் தவிர மற்றபடி சுகம், அதட்டல் குரல் முன்னைவிடச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், குளிர் விட்டதா, பேத்திக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா, எல்லாவற்றையும் விவரமாக எழுது. நீ போனில் அம்மாவைப் பற்றிக் கேட்டாலே அவள் போனைப் பிடுங்கி "எல்லாம் நல்லா இருக்கு, நீ உன் வேலையப் பாரு" என்று சொல்லி வைத்துவிடுகிறாள், அதனால்தான் நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து பிரேம்களுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆபரேஷன் அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை என்று முடிவாகிவிட்டது. ஏற்கெனவே இரண்டு தடவை தேதி குறித்து, இரண்டு தடவையும் நாடகம் இருக்கிறது, ஜலதோஷம் இருக்கிறது என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டவள் இந்தத் தடவையாவது போவாளா என்பதுதானே உன் கவலை. என் கவலையும் அதுதான். வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள் என்று எழுதலாம், பாவம், இப்போது அவளுக்கு நிற்க இருப்பதே அந்த ஒரு கால்தான்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து நிதானமாகச் சொன்னார். தொடை எலும்பின் மேல் முனையில் ஒரு பந்து, அது சுழல இடுப்பில் ஒரு கிண்ணம், நடுவில் வழுவழுப்பாக இருக்க வேண்டிய குருத்தெலும்பு தேய்ந்துபோய் எலும்போடு எலும்பு உரசுகிறதாம், அதனால்தான் படுத்தாலும் வலி புரண்டாலும் வலி. பழைய பந்தை எடுத்துவிட்டுப் புதுப் பந்தும் புதுக் கிண்ணமும் வைப்பார்கள். நான் பந்து என்ற இடத்திலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன், உன் அம்மாவோ கேள்வி மேல் கேள்வி கேட்டாள். மயக்க மருந்து எங்கே போடுவீர்கள், முதுகில் ஊசி போட்டால் எது வரைக்கும் மரத்துப்போகும், உள்ளே யார் யார் இருப்பார்கள், முதலில் யார் என்னை எழுப்பி நிற்க வைப்பார்கள், அது அன்று மாலையா மறுநாள் காலையா என்று. டாக்டர் சிரித்துக்கொண்டே "நீங்க ஆஸ்பத்திரியில வேல பாத்தவங்களாம்மா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், நாடகத்துல. திரைக்குப் பின்னாடி எல்லாத்தையும் நடத்துறவ. எது எப்போ நடக்கும்னு தெரியாம நான் திரையத் தூக்கச் சொல்றதில்ல" என்றாள். கடைசியாகக் கேட்டது ஒன்றுதான், மறுபடி மேடை ஓரத்தில் நின்று ஒரு முழு நாடகத்தை நடத்த முடியுமா என்று. ஊன்றுகோலை விடச் சில வாரங்கள் ஆகும், நீண்ட நேரம் நிற்கச் சில மாதங்கள் ஆகும், பயிற்சியை விடாமல் செய்தால் முடியும் என்று டாக்டர் சொன்னார். போன நாடகத்தை அவள் நாற்காலியில் உட்கார்ந்தே நடத்தினாள், திரைக் கயிறு சிக்கியபோது அவள் எழுந்திருப்பதற்குள் வேறு யாரோ ஓடிப்போய் எடுத்துவிட்டார்கள். அதனால் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த மறுநாளே வீடு மேடையாகிவிட்டது. விரிப்புகளைச் சுருட்டிப் பரணில் போடச் சொன்னாள், தடுக்கும் ஒயர்களையெல்லாம் சுவரோரம் ஒதுக்கச் சொன்னாள். தச்சரை வரவழைத்து நாற்காலிக் கால்களுக்கும் கட்டில் கால்களுக்கும் கட்டை வைத்து உயர்த்தியாயிற்று, தாழ்வாக உட்கார்ந்தால் புது மூட்டு நழுவிவிடக் கூடுமாம். கழிப்பறை இருக்கைக்கு மேல் வைக்க உயரமான இருக்கை, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி, குனியாமல் பொருள் எடுக்க நீளக் கைப்பிடி கொண்ட இடுக்கி, எல்லாம் வந்துவிட்டன. அடுக்களையில் தினமும் புழங்கும் பாத்திரங்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏறியும் இறங்கியும் வந்துவிட்டன, காபித் தூள் எங்கே என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். பல்லில் சீழ் இருந்தால் கிருமி புது மூட்டுக்குப் போய்விடலாம் என்பதால் பல் டாக்டரிடமும் போய் வந்தோம், அந்தச் சாக்கில் என் பல் ஒன்றையும் பிடுங்கவைத்தாள். பிறகு கட்டிலிலிருந்து குளியலறை வரை, அங்கிருந்து சாப்பாட்டு மேசை வரை தரையில் கலர் டேப் ஒட்டி, வாக்கரின் நாலு காலும் எங்கே நிற்க வேண்டும் என்று குறி போட்டாள். அப்புறம் ஒத்திகை. நோயாளி யார் என்று நினைக்கிறாய், உன் அப்பாதான். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அவள் உயர்த்திய நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போவேன். "என்னங்க, முட்டி இடுப்புக்கு மேல போகுது பாருங்க", "கால் மேல கால் போடாதீங்க", "திரும்பறப்போ உடம்ப முறுக்கக் கூடாது, சின்னச் சின்ன அடியா வைங்க" என்று கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில், தூங்கும்போது கால்களுக்கு நடுவில் தலையணை, எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் கொஞ்சம் உணர்ச்சியோடு முனகிக் காட்டினால் "அவ்வளவு நடிப்பு வேணாம்" என்று வெட்டிவிடுவாள். மீதிக் கட்டையைக் கொடுக்க வந்த தச்சர் என்னைப் பார்த்துப் பதறி, உங்களுக்கா சார் ஆபரேஷன், தைரியமா இருங்க என்று தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தப் பெருமையோடு போன வாரம் பிசியோதெரபி கொடுக்கும் பெண்ணைப் பார்க்கப் போனோம், ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு முறை வரச் சொல்லியிருந்தார்கள். வாக்கரை நீட்டி "நடந்து காட்டுங்கம்மா" என்றாள் அந்தப் பெண். நான் முந்திக்கொண்டு வாக்கரை வாங்கி, அறையைச் சுற்றி வந்து, நாற்காலியில் காலின் பின்புறம் படும்வரை பின்வாங்கி, இடது காலை நீட்டியபடி உட்கார்ந்தும் காட்டினேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சூப்பர் சார், ஆனா ஆபரேஷன் உங்களுக்கு இல்லையே. இப்போ அம்மா எழுந்திரிக்க நீங்க உதவி பண்ணுங்க" என்றாள். நான் திருதிருவென்று விழித்தேன். எங்கே நிற்க வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும், ஒன்றும் தெரியவில்லை, கடைசியில் உன் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன், "ஐயோ சார், இழுக்கக் கூடாது" என்று அந்தப் பெண் ஓடிவந்தாள். உன் அம்மாவும் வாக்கரைப் பிடித்தபடி எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டாள். எந்த நாடகத்திலும் ஒரு சேவகன் வேடத்துக்குக்கூட ஆள் போடாமல் விட்டதில்லை அவள். இந்த நாடகத்தில் அவள் வேடத்துக்கு நான் நடித்தேன், என் வேடத்துக்கு ஆளே இல்லை, இரண்டு பேருமே கவனிக்கவில்லை பார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். வலிக்குமே என்றா என்று கேட்டேன். "வலி பெரிசில்ல. புரட்டுவாங்க, தூக்குவாங்க, துடைச்சு விடுவாங்க, நான் சும்மா படுத்திருக்கணும். வேற யாரையாவது படுக்க வைக்கச் சொல்லுங்க, எல்லாம் தெரியும். நானே படுக்கறதுதான் தெரியல. அதுக்குத்தான் ரெண்டு தடவயும் தள்ளிப் போட்டேன்" என்றாள். எத்தனை வருஷமாக அவளோடு வாழ்கிறேன், பயம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

மறுநாள் காலையில் காபி குடித்ததுமே "இன்னிக்கு நான்தான் நோயாளி, நீங்க நீங்களாவே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிசியோதெரபிப் பெண் சொல்லிக் கொடுத்தபடி நான் அவள் இடது பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றேன். அவளே நாற்காலிக் கையை அழுத்தி எழ வேண்டும், நான் இழுக்கக் கூடாது, முதுகுப் பக்கம் கை கொடுத்தால் போதும். பழக்க தோஷம், பாதி எழும்போதே இங்க நில்லுங்க அங்க பிடிங்க என்று ஆரம்பித்தாள். நான் "கொஞ்சம் பேசாம இரு" என்றேன். நம்புவாயா, பேசாமல் இருந்தாள். அப்போதுதான் தன் பாரத்தை என் கையில் விட்டாள், அவள் இவ்வளவு கனம் என்று எனக்கு இதுவரை தெரியாது, அவள்தான் யார்மேலும் சாய்ந்ததே இல்லையே. நின்ற பிறகு மெல்ல "கைய எடுத்துடாதீங்க" என்றாள். இப்போது தினமும் இதுதான் ஒத்திகை. நேற்றைக்குக் கட்டிலில் படுத்து, நான் காலுறை மாட்டிவிடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டாள், நான் இரண்டு தடவை தலைகீழாக மாட்டியும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு நிச்சயம் போவாள், எனக்கு இனிமேல் அதில் சந்தேகம் இல்லை. இப்படி ஒருத்தி வீட்டில் இருப்பதைப் பார்க்காமல் நான் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கண் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்காதே, கம்ப்யூட்டர் முன்னால் கூனிக்கொண்டு உட்காராதே, முதுகும் இடுப்பும் நமக்கு ஒவ்வொன்றுதான். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேத்திக்கு ஆயிரம் முத்தம். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அதற்காகத்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். டிக்கெட் எடுக்கும்போது அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னாலேயே வந்து சேருகிற மாதிரி எடு. உன்னை வரச் சொல்லி எழுதச் சொன்னதே அம்மாதான். தனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது தையல் பிரித்த பிறகுதானே உனக்குச் சொன்னாள், அதே அம்மாதான். அவள் நடக்க ஆரம்பித்த பிறகு வந்தால் நீயும் பார்த்துச் சந்தோஷப்படுவாயே என்று நான்தான் சொன்னேன். "நடக்கறப்போ யாரு வேணா பாக்கட்டும். படுத்திருக்கறப்போ என் பொண்ணு பக்கத்துல இருக்கணும்" என்றாள்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா