மதினிக்கு, என் கேஸ் முடிந்த செய்தி

என் பிரியமான மதினி,

முதலில் முக்கியமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இனி இந்த வீட்டில் முழுத் தேங்காய் வாங்குவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. ஒரு வாரம் ஆலோசனை நடந்தது. உடைத்தால் ஒரு மூடி செலவாகிறது, மறு மூடி பிரிட்ஜில் கிடந்து வழவழத்துப் போகிறது என்பதை எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்து, கடையில் ஒற்றை மூடி கேட்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தேன். எதிர்த்திருக்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். "ஒத்த மூடி வாங்குறதும் கடன் கேக்குறதும் ஒண்ணுதான் சரோசா" என்றிருப்பீர்கள். நீங்கள் கூட்டத்துக்கு வரவில்லை. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

இரண்டாவது செய்தி இதைவிடச் சிறியது. நான் ஒரு கேஸ் ஆனேன். பயப்படாதீர்கள், போலீஸ் கேஸ் இல்லை. தேனியில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி படிக்கிற பிள்ளைகளுக்கு, வகுப்பில் படித்ததைத் தெருவில் செய்துபார்க்கிற பாடம் ஒன்று உண்டு. களப்பணி என்று பெயர். இங்கே கம்பத்தில் ஒரு தொண்டு நிறுவனம் அவர்களுக்கு ஆளுக்கொரு தெருவைப் பிரித்துக் கொடுக்கிறது. அந்தத் தெருவில் பிரச்சினை உள்ள ஒருவரைக் கண்டுபிடித்து, அதைத் தீர்த்து, அறிக்கை எழுத வேண்டும். நம் தெரு, சுகன்யா என்கிற ஆண்டிபட்டிப் பெண்ணுக்கு விழுந்தது.

அவள் எதிர்வீட்டு வீரம்மாளிடம் போய், இந்தத் தெருவில் யாருக்காவது பிரச்சினை உண்டா என்று கேட்டிருக்கிறாள். வீரம்மாளின் வீட்டுக்காரர் காலையிலேயே குடித்துவிட்டு வாசலில் குறுக்கே கிடந்தார். வீரம்மாள் அவரைத் தாண்டி வெளியே வந்து, நன்றாக யோசித்து, நம் வீட்டைக் காட்டினாள்.

"அந்தா, அங்கன லைப்ரரியம்மா தனியாக் கெடக்காக. அவுகளப் போயிப் பாருத்தா."

நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் தெருவுக்கு நான் லைப்ரரியம்மாதான். எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை என்று வாசலிலேயே சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது.

"அப்படிச் சொல்லாதீக மேடம். மத்த பிள்ளைகளுக்கெல்லாம் கெடச்சிருச்சு. ஒருத்திக்குக் குடிகாரரு, ஒருத்திக்குப் பள்ளிக்கூடத்த விட்டு நின்ன பையன். எனக்குத்தான் இன்னும் ஒண்ணும் அமையல."

வரன் அமையாத வீட்டில் கேட்கிற குரல். அந்தக் குரலை நான் நன்றாக அறிவேன். உள்ளே வரச் சொன்னேன். குழாயில் தண்ணீர் வருகிற லட்சணத்தைச் சொன்னேன்; கொசுவைச் சொன்னேன். "அதெல்லாம் ஊர்ப் பிரச்சினை மேடம். எனக்கு ஆள் பிரச்சினை வேணும்" என்றாள்.

அவர்கள் படிக்கிற முறையைப் பற்றியும் விளக்கினாள். முழங்கால் வலிக்கிறது என்று ஒருவர் வந்தால் முழங்காலை மட்டும் பார்க்கக் கூடாதாம். அது எந்தக் குடும்பத்து முழங்கால், எந்தத் தெருவில் நடக்கிறது, எந்த அலுவலகத்துப் படியில் ஏறி இறங்குகிறது என்று எல்லாவற்றையும் பார்த்து, ஆளிடமும் குடும்பத்திடமும் ஊரிடமும் சர்க்காரிடமும் வேலை செய்ய வேண்டுமாம். எந்தப் பிரச்சினைக்கும் இதே முறைதானாம். எனக்குப் பிடித்திருந்தது. முழங்காலை மட்டும் விட்டுவிடுகிறார்களோ என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

பிறகு சாதாரணமாக ஒன்று கேட்டாள். "எனக்கு முன்னாடி கடைசியா யார்கிட்டப் பேசினீக?"

யோசித்தேன். முந்தாநாள் மத்தியானம் செல்போனில் ஒரு பெண் கூப்பிட்டு, கடன் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். நல்ல குரல். இதைத்தான் சொன்னேன். சுகன்யா எழுதுவதை நிறுத்தி என்னையே பார்த்தாள். பிரச்சினை அமைந்துவிட்டது.

அதன் பின் வியாழக்கிழமைதோறும் வந்தாள். இரண்டாவது வாரம் நம் குடும்பத்தைப் படமாக வரைந்தாள். ஆண்கள் சதுரம், பெண்கள் வட்டம், இறந்தவர்கள் மேல் பெருக்கல் குறி. அண்ணன்மேல் ஒன்று போட்டாள். உங்கள்மேல் போடும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சின்னதாகப் போட்டாள். உங்களுக்கும் எனக்கும் நடுவே என்ன கோடு இழுப்பது என்று தெரியவில்லை அவளுக்கு.

"ஒத்தக் கோடுன்னா சாதாரண உறவு மேடம். ரெட்டக் கோடுன்னா ரொம்ப நெருக்கம். நெளிஞ்சு நெளிஞ்சு போனாச் சண்டை. மதினி நாத்தனான்னா நெளி கோடுதான?"

"ரெட்டைக் கோடு போட்டு, அதுக்கு மேலேயே நெளிச்சு விடும்மா" என்றேன்.

துக்கத்துக்கு அவள் பாடப் புத்தகத்தில் தனி அத்தியாயம் இருந்தது. கணவனை இழந்தவர், மனைவியை இழந்தவர், பிள்ளையை இழந்தவர், பெற்றோரை இழந்தவர். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "நாத்தனா இல்ல மேடம்" என்றாள், தானே விட்டுவிட்டதுபோல. புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. டிவி நாடகங்களின் கணக்குப்படி, மதினி செத்தால் நாத்தனார் பீரோச் சாவியைத்தான் தேட வேண்டும். உங்கள் சாவு வீட்டிலும் வந்தவர்கள் எல்லோரும் பெற்ற பிள்ளை என்று செந்திலின் கையைப் பிடித்து அழுதார்கள். என்னிடம் குடிதண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். காட்டினேன்.

அண்ணன் போனபோது செந்தில் தவழ்ந்துகொண்டிருந்தான். நீங்கள் விடிவதற்குள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போனீர்கள். நான் நூலகத்துக்குப் போனேன். என் சம்பளத்தில் அரிசியும் உங்கள் கூலியில் படிப்பும் என்று வைத்து ஒரு பையனை எஞ்சினியர் ஆக்கினோம். சோறு போட்டால், போதும் என்பதற்கு "மதி, மதி" என்று மலையாளத்தில் சொல்லிக் கை நீட்டித் தடுப்பீர்கள். தோட்டத்து மேஸ்திரியிடம் கற்றுக்கொண்டதில் அந்த ஒரு சொல்தான் சுத்தமாக வந்தது. இதையெல்லாம் நான் யாரிடம் சொல்ல? யார் கேட்டார்கள்?

சிகிச்சை தொடங்கியது. முதலில் குடும்பம். திருப்பூரில் இருக்கிற செந்திலைச் சுகன்யா போனில் பிடித்து, நானும் கேட்கும்படி வைத்துப் பேசினாள்.

"அத்தைக்கு என்னங்க, அவுக இரும்பு" என்றான். "அம்மா போனதுல நாந்தான் ஒடஞ்சு போயிட்டேன்."

"அவுகளும் கூடவே இருந்தவுகதான சார்?"

"தெரியும், தெரியும். பொழுது போகலையாமா? டிவிக்குப் பணம் கட்டி விடுறேன்."

கட்டியும் விட்டான், நல்ல பிள்ளை. இப்போது நம் வீட்டில் தெலுங்கு, இந்தி உட்படப் பல மொழிகளில் ஏராளமான பேர் பேசுகிறார்கள்.

அடுத்தது ஊர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் வயதான பெண்கள் கூடுகிறார்களே, அங்கே கூட்டிப்போனாள். அங்கே ஒரே பாடம்தான்: மருமகள். எனக்கு மருமகள் கிடையாது. ஆகவே பேச்சும் கிடையாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெற்றிலைக்கடைப் பேச்சியம்மாள் இரக்கப்பட்டு, தன் மருமகளையே எனக்குக் கொடுத்தாள்.

"எம் மருமகளப் பத்தி நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க லைப்ரரியம்மா. படிச்சவுக, புதுசா ஏதாச்சும் சொல்வீக."

"பார்த்தால் நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறது" என்றேன். பேச்சியம்மாள் மருமகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கடைசியாகச் சர்க்கார். ஓர் அலுவலகத்தில் விசாரித்தாள். பேச்சுத்துணைக்கு ஆள் தருகிற திட்டம் இன்னும் வரவில்லை, வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நடுவே, அறிக்கையில் எங்கும் வராத ஒன்று நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை வந்தால் அந்தப் பெண் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "மதினி அப்பறம் என்ன செஞ்சாக?" என்று கேட்பாள். திராட்சை வியாபாரியிடம் நீங்கள் ஒவ்வொரு பழமாகத் தின்றுபார்த்துப் புளிக்கிறது என்று சொல்லியே கால் கிலோ காலிசெய்த கதைக்கு, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். நான் புதன்கிழமையே உட்கார்ந்து, மறுநாள் எதைச் சொல்வது என்று யோசித்து வைப்பேன். வியாழக்கிழமை இஸ்திரி போட்ட சேலை கட்டினேன். எப்போதும் கட்டுகிறவள்போல இருந்தேன்.

மாதத்துக்கு ஒருமுறை, என் தனிமைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்வாள். எட்டு என்றேன். அடுத்த மாதமும் எட்டு. அதற்கடுத்த மாதம் எண் கேட்காமல் பேனாவை மூடிவைத்தாள்.

"எங்க சாரு கேட்டாக மேடம். இம்புட்டுச் செஞ்சும் எறங்கலேன்னா நீ செஞ்ச முறையிலதான் தப்புன்னாக. திரும்பவும் ஒரு வருஷம் களப்பணி செய்யச் சொன்னா, எங்க வீட்டுல படிச்சது போதும்னு நிப்பாட்டிருவாக."

"அஞ்சுன்னு போட்டுக்கோ."

"அய்யய்யோ, நானாப் போடக் கூடாது. நீங்களா உணரணும்."

"சரி, நானாகவே உணர்கிறேன். அஞ்சு."

"நெசமாவா மேடம்?"

"நெசமா."

முழுப் பொய் இல்லை மதினி. அவள் எண் கேட்பது எப்போதும் வியாழக்கிழமை சாயங்காலம். அதுவரை நான் வாரம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அந்த வேளைக்கு மட்டும் சொன்னேன். அடுத்த முறை மூன்று என்றேன். அந்த வேளைக்கு அதுகூட அதிகம்.

குணமானவளை நேரில் பார்க்க அவளுடைய சார் தேனியிலிருந்து வந்தார். நான் வீரம்மாளிடம் சொல்லி வைத்திருந்தேன்: அவர் இருக்கும்போது சும்மா வந்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போ. வீரம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று, பள்ளி நாடகத்தில் வருகிற மந்திரிபோல, "லைப்ரரியம்மா அவர்களே! தினமும் நாம் பேசி மகிழ்வோமே, இன்று ஏன் வரவில்லை?" என்றாள். சார் நெகிழ்ந்துவிட்டார். அக்கம்பக்கத்து உறவு மலர்ந்திருப்பதாகச் சுகன்யாவிடம் சொன்னார். அவள் தலைகுனிந்திருந்தாள். சிரிப்பை அடக்கினாளா, வேறெதையாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கேஸை முடிப்பதற்கும் அவர்களிடம் முறை இருக்கிறது. திடீரென்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. சில வாரங்களுக்கு முன்பே சொல்லி, மனத்தைத் தயார்ப்படுத்தி, பழகியதையெல்லாம் ஒருமுறை சேர்ந்து நினைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் விடைபெற வேண்டும். அவள் ஒன்று விடாமல் செய்தாள். நீங்கள் அந்தப் பாடம் படிக்கவில்லை. போகிற அன்றைக்கு "சன்னலத் தொறத்தா, புழுங்குது" என்றீர்கள். திறந்துவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான். சன்னலைத் திறக்கப் போகாமல் உங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தால், வேறு ஏதாவது சொல்லியிருப்பீர்களா?

கடைசி வியாழக்கிழமை சுகன்யா வாசற்படியில் செருப்பை மாட்டாமல் நின்றாள்.

"மேடம், கேஸ் முடிஞ்ச பெறகு போன் கீன் பண்ணித் தொடர்பு வச்சுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு விதி இருக்கு."

"விதின்னா விதிதாம்மா."

"நீங்க இப்ப நல்லாத்தான இருக்கீக? மார்க்குக்குக் கேக்கல. சும்மா கேக்குறேன்."

கேட்கிற முகத்தில் பொய் எதுவும் இல்லை. ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் அவள் பஸ்ஸை விட்டிருப்பாள். கேஸும் திரும்பத் திறந்திருக்கும். அவள் படிப்பு என்ன ஆகியிருக்குமோ. நன்றாக இருக்கிறேன் என்றேன். ஆண்டிபட்டி போக நேரமாகிவிடும், கிளம்பு என்றேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன், குணமானவர்கள் அசைக்கிற மாதிரி.

அவள் நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டதாக நிறுவனத்தில் சொன்னார்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற பிரிவில் சேர்ந்திருக்கிறாளாம். வகுப்பில் அந்தக் கேஸைப் பற்றி எல்லோர் முன்பும் பேசச் சொன்னார்களாம். உங்கள் திராட்சைக் கதையைச் சொன்னாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மதினி, ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை அந்த மண்டபத்துக்குப் போவேன். அவர்கள் மருமகளைப் பற்றிப் பேசட்டும், நான் உங்களைப் பற்றிப் பேசுவேன். கேட்பார்களோ மாட்டார்களோ, உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் இனி ஒரு வாரமும் போகாது.

இந்த ஆண்டுக்கான பிள்ளைகள் போன வாரம் வந்து இறங்கிவிட்டார்கள். நம் தெருவில் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகப் பதிவாகியிருப்பதால், அவர்களைத் தெற்குத் தெருவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

உங்கள் நாத்தனார்,
சரோஜா
கம்பம்