தோளில் ஒரு கறுப்புத் துணி

லாங் ஐலண்ட்,
பங்குனி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி கோகுலுக்கு, அண்ணி சந்திரமதி எழுதிக்கொண்டது. இங்கே நானும் அத்தையும் இருக்கிறோம். உன் அண்ணன் தையில் மீன் பிடிக்கப் போய்த் திரும்பாததிலிருந்து, நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா?

போனில் பேசினால் அத்தை காதில் விழும். அதனால்தான் கடிதம். இந்தத் தீவிலிருந்து கப்பலில் மெயின்லேண்டு போகும் சித்ரா டீச்சரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிறன்று உன் பாஸ்கெட்பால் ஆட்டத்தை படகுத்துறைக் கடை ராக்கப்பன் தன் போனில் போட்டார். அதிசயமாக நெட்வொர்க் அறுந்துபோகவில்லை. நீ இறங்கியதும் கடையே கத்தியது. பிறகுதான் பார்த்தோம், உன் சட்டையில் தோளோரம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் துணி. உன்னோடு ஆடுகிற எல்லார் தோளிலும் அதே துணி. அது என்ன என்று யாரோ இந்தியில் கேட்டார்கள். டீம்காரன் வீட்டில் சாவு விழுந்தால் எல்லாரும் அதைத் தைத்துக்கொண்டு ஆடுவார்கள் என்றார் ராக்கப்பன். சொன்ன பிறகுதான் நான் நிற்பதைக் கவனித்தார். போனை அணைத்துவிட்டார்.

அன்று மாலை, கடையில் பேசியது காதில் விழுந்து, பக்கத்து வீட்டு ரூபா தீதி சோறும் பருப்பும் மூடி எடுத்து வந்தாள். சாவு வீட்டில் உலை வைக்கமாட்டோம் என்பது அந்தப் பெங்காலிக்காரிக்கு நம்மிடம் பழகித் தெரிந்ததுதான். நம் வீட்டிலோ அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அத்தை குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு இந்தச் சோறு என்று அத்தை கேட்டதும், தீதி பாத்திரத்தை என் கையில் திணித்துவிட்டு அழுதுகொண்டே ஓடினாள். அவளுக்கும் புருஷனுக்கும் சண்டை என்று பொய் சொல்லிச் சமாளித்தேன்.

மகன் பர்மா பக்கம் ஒதுங்கியிருப்பான், அங்கே ஜெயிலில் வைத்திருப்பார்கள், ஒருநாள் விட்டுவிடுவார்கள் என்று அத்தை சொல்லிக்கொண்டேயிருக்கிறார். தேடிப் போன படகுகளெல்லாம் எப்போதோ நின்றுபோயின. ஆனாலும் தினமும் மகன் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறார். நானும் பொட்டு வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் வந்தது, தம்பி. நாங்கள் வாய்விட்டுச் சொல்லாததை நீ ஊரறியத் தோளில் தைத்துக்கொண்டாயே! பிறகு, அவர் முகத்தைக்கூடப் பார்த்திராத பிள்ளைகள் அவருக்காக அதைச் சுமந்துகொண்டு ஓடினார்களே என்று நினைத்து அழுதேன். கோபம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

உனக்கு மட்டும் சொல்கிறேன். போன வாரம் லாலாஜி பே கடற்கரை மணலில் அவருடைய மீன் ஐஸ் பெட்டி மூடி ஒதுங்கிக் கிடந்தது. நீ டீமில் சேர்ந்தபோது உன் சட்டை நம்பரைச் சிவப்பு பெயின்டில் எழுதி, தம்பி நம்பர் இருந்தால் பெட்டி தானாக நிறையும் என்று படகுத்துறை முழுக்கப் பீற்றிக்கொண்டாரே, அதே மூடி. விறகுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அடுத்த ஆட்டத்தைத் தானும் வந்து பார்க்கப்போவதாக அத்தை சொல்கிறார். உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன், அந்தத் துணியைப் பிரித்துவிட்டு ஆடு. உன் டீம்காரர்களிடமும் அண்ணி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள் என்று சொல்.

பிரித்ததை எறிந்துவிடாதே. ஊருக்கு வரும்போது கொண்டு வா. என்றைக்காவது நீ அவருக்குக் கொள்ளி வைக்க வேண்டுமென்றால், அந்தத் துணியையும் இந்த மூடியையும் விட்டால் நம்மிடம் வேறொன்றும் இல்லை.

அடிபடாமல் ஆடு. நீயாவது நன்றாக இரு.

உன் அண்ணி,
சந்திரமதி